பாப்பாவுக்கு, கேம் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. அண்ணனுக்கு வேலை, பேரன் சின்னவனுக்குப் பரீட்சை, எல்லாம் வழக்கம்போல. உன்னைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று ஒரு வரி வருகிறது. அப்புறம் நீ கூப்பிடுவதில்லை. வேளைக்குச் சாப்பிடு. மணிக்கட்டுக்கு அந்தப் பட்டையை மறக்காமல் கட்டிக்கொள்.

கேமைப் பற்றி எழுதினால் சண்டைக்காவது வருவாய் என்று அதையே எழுதுகிறேன். நமக்குள் வேறு எந்தப் பேச்சு நின்றாலும் இந்தப் பேச்சு நின்றதில்லை. அண்ணனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நான் சொல்வது எதுவுமே ஒத்துவராது. உனக்கும் பாதி ஒத்துவராது, தெரியும். இருந்தாலும் படி.

நான் ஈஸி மோடில் ஆடுவதைப் பார்த்து அண்ணன் போன முறை, "இதுக்கு யாராவது ஆடற வீடியோவைப் பார்த்துட்டுப் போகலாமேப்பா" என்றான். எனக்கு அது சரியாகப் படவில்லை. டார்க் சோல்ஸ் கேமைச் செய்தவர்கள் அதைக் கஷ்டமாக வைத்தார்கள் என்றால் அது அவர்கள் உரிமை, காரணமும் இருக்கிறது. அதை முடித்த ஒருவன், முடிக்காதவனைப் பார்த்து "போய்க் கத்துக்கிட்டு வா" என்று விரட்டுகிறானே, அந்த உரிமையை யார் கொடுத்தது? 1986-இல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாம் என்கிற வீட்டு கேம் மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு, டெஸ்ட் பண்ண உட்கார்ந்தால் தான் செய்ததையே தன்னால் ஆட முடியவில்லை. அதற்காகத்தான் அந்த 'மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ' பட்டன் வரிசை வந்தது. அழுத்தினால் ஆயுதமும் கவசமும் கைக்கு வந்துவிடும். செய்தவருக்கே கை கொடுக்க ஒன்று வேண்டியிருந்தது. 2018-இல் வந்த, மலை ஏறுகிற கேமான செலஸ்டில் அசிஸ்ட் மோட் என்றே வைத்துவிட்டார்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாமலே போகலாம். சின்னவன் அப்படித்தான் அந்த மலையில் முதலில் ஏறினான். அப்புறம் அவனாகவே ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு மறுபடி ஏறினான். யாரும் அவனை விரட்டவில்லை.

உனக்கும் அதுதான் சொல்வேன். கஷ்டப்பட்டுச் செய்தால்தான் மரியாதை என்று யாராவது சொன்னால் நம்பாதே. எந்த வேலையிலும் சரி. வேகத்தைக் குறைக்க வழி இருந்தால் குறைத்துக்கொள். ராத்திரி தூங்கு.

அடுத்தது, பெரிய கேம்கள். நூறு மணி நேரம் ஓடும், மேப் அத்தனை பெரிது என்று பெருமையாக விளம்பரம் போடுகிறார்கள். மேப்பைத் திறந்தால் இண்டு இடுக்கெல்லாம் ஐகான். ஒன்றை முடித்தால் மூன்று முளைக்கிறது. அதையெல்லாம் துடைத்து முடிப்பவர்களுக்கு அதில் ஒரு திருப்தி இருக்கலாம், எனக்கு அலுவலக மேஜைதான் ஞாபகம் வருகிறது. 2012-இல் நாம் பார்த்த ஜர்னி கேம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அது போதாதா? யாரோ ஒருவர் எதிரே வருவார், பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரே ஒரு சத்தம் மட்டும் எழுப்பலாம். ஆரம்பத்தில் ஒருவரை ஒருவர் தள்ள முடிகிற மாதிரி வைத்திருந்தார்களாம். ஆடிப் பார்த்தவர்கள் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் அதே மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் நின்று காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதனால்தான் ஆன்லைனில் திட்டுவது சகஜம், விளையாட்டில் ஒரு பகுதி, தோல் தடிக்கட்டும் என்கிறவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. தள்ளுவதை எடுக்க முடிந்தது போல இதையும் எடுக்க முடியும். எடுக்க மனமில்லை, அவ்வளவுதான். நீ மைக்கை அணைத்துவிட்டு ஒரு பையன் பெயரில் ஆடினாயே ஒரு வருஷம், அம்மா கேட்டதற்கு "இந்தப் பேரு நல்லாருக்கும்மா" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. அப்போதும் நீ எங்களிடம் சொல்லவில்லை. உனக்கு அது பழக்கம். பாரம் இருந்தால் பேச்சைக் குறைத்துவிடுவாய்.

சரி, சின்னவன் கதைக்கு வருகிறேன். லீவுக்கு அவர்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று அழுது தீர்த்துவிட்டான். போகிற இடத்தில் சிக்னல் கிடைக்காது, தினமும் லாகின் பண்ணாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும், கடைசி நாள் கிடைக்கிற ஸ்கின், அதாவது கேம் ஆளுக்குப் போடுகிற புது வேஷம், போய்விடும். கடைசியில் அவன் அக்கவுண்ட்டை என் டேப்லெட்டில் போட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்: திற, பெட்டியைத் தட்டு, பச்சை பட்டனைத் தட்டு, மூடு. கோணல் எழுத்தில் 'மறக்காதே தாத்தா' என்று அடிக்கோடு வேறு. அவன் சொன்னபடியே தினமும் திறந்தேன், தட்டினேன், மூடினேன். அதற்குள் அந்தக் கேம் என்னை ஒரு தரம்கூட ஆடச் சொல்லவில்லை. கடைக்குப் போகச் சொன்னது. இன்னும் இத்தனை மணி நேரம்தான் என்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது.

ஊரில் எல்லோரும் பிள்ளைகள் ரத்தத்தையும் துப்பாக்கியையும் பார்க்கிறார்களே என்று பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் எப்போதும் இருந்ததில்லை, உன்னையும் தடுத்ததில்லை. எனக்குப் பயம் அந்தக் கடிகாரத்தின் மேல்தான். 2006-இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது, உனக்கும் ஞாபகம் இருக்கும். இன்றைக்கு அதைவிட அதிக விலைக்கு ஒரு தொப்பி விற்கிறது, யாரும் சிரிப்பதில்லை. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 கேமின் லூட் பாக்ஸுக்காக, உள்ளே என்ன வரும் என்றே தெரியாத அந்தப் பெட்டிகளுக்காக, அத்தனை பேர் கொதித்தார்கள். மறு வருஷம் பெல்ஜியத்தில் அந்த மாதிரிப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பல கம்பெனிகள் பெட்டியை எடுத்துவிட்டு, ஆடி ஆடிப் படிப்படியாகப் பரிசு வாங்குகிற பேட்டில் பாஸ் கொண்டுவந்தன. பாஸில் என்ன கிடைக்கும் என்பது முன்னாலேயே தெரிகிறது, உண்மைதான். பதிலுக்கு ஒரு பிள்ளையின் மாதத்தையே எழுதி வாங்கிக்கொள்கிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதை நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் சொல்கிற அளவுக்குத் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஆடுகிற பிள்ளையின் மேல் மட்டும் ஒட்டுகிறது. கடிகாரத்தை உட்கார்ந்து திட்டம் போட்டு வைத்தவர் மேல் ஒட்டுவதில்லை.

உங்கள் கம்பெனி செய்த கேமிலும் அந்தக் கடிகாரம் இருக்கிறது, பாப்பா. பார்த்தேன். நீ அதைச் செய்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

நீ செய்தது எது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது லெவலில் தண்ணீர் நிரம்புகிற அந்த அறை. உள்ளே போனதும் வழியே இல்லாத மாதிரி இருக்கிறது. எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டே நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகு தற்செயலாகக் கேமராவைப் பின்னால் திருப்பினால், வந்த வாசலுக்கு மேலேயே படி தொடங்குகிறது. தண்ணீர்தான் நம்மை அதற்குத் தூக்கிவிடுகிறது, பயந்து கையைக் காலை அடித்தால் வழி தெரியாது, சும்மா இருந்தால் போதும். உன் பச்சை நோட்டில் அதைப் பார்த்திருக்கிறேன், பென்சிலில், வாசலுக்கு மேலே ஒரு அம்புக்குறியோடு. அங்கேயே நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் "நம்ம பாப்பா பண்ணதா?" என்று ரெண்டு தரம் கேட்டாள். அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்துவிட்டு வீட்டுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

கேமை முடித்துவிட்டேன். செய்தவர்கள் பெயரெல்லாம் வருகிற கிரெடிட்ஸ் ஓட ஆரம்பித்தது. அதைத் தாண்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். பட்டனை அழுத்திப் பிடித்தால் தாண்டலாம் என்று ஒன்று வைக்கிறார்களே, அதையே வைக்கக்கூடாது என்பேன். நாம் உட்கார்ந்து முழுக்கப் பார்ப்போம், கேம் செய்த காலத்தில் பிறந்த குழந்தைகளின் பெயர் வந்தால் நீ சத்தமாகப் படிப்பாய். இதிலும் குழந்தைகளின் பெயர்கள் வந்தன. கணக்குப் பார்த்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், டெஸ்ட் செய்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். லெவல் டிசைனில் உன் பெயர் இல்லை. இனிஷியலை மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். நன்றி சொல்கிற இடத்திலும் இல்லை.

அட்டாரி என்கிற பழைய கேம் கம்பெனியில் ஒரு காலத்தில் யார் பெயரையும் போடமாட்டார்கள். 1979-இல் அங்கிருந்து வெளியேறிய புரோகிராமர்கள் ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அதே அட்டாரியில் வாரன் ராபினெட், அட்வென்ச்சர் கேமில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு போனால்தான் திறக்கிற அறையில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போனார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், கேம் வெளிவருவதற்கு முன்பு போய்விட்டவர்கள் பெயரை விட்டுவிடுகிற ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் இதற்கென்று வழிகாட்டு விதிகளே வைத்திருக்கிறது. அதைக் கடைப்பிடித்தே ஆகவேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. ஒருவர் வரைந்த படி அங்கேயே இருக்கிறது, லட்சம் பேர் அதில் ஏறிப் போகிறார்கள், வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை என்றால், அதற்கு எந்த கம்பெனி என்ன காரணம் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பினார்கள். மறு மாதம் ப்ளேஸ்டேஷனில் சுமார் 900 பேர். அதற்கப்புறமும் இந்த மாதிரிச் செய்தி நின்றபாடில்லை. ஒவ்வொன்றையும் படிக்கிறேன். வேலை தெரியாததால் அனுப்பினார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நன்றாக ஓடின கேமைச் செய்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அண்ணனிடம்கூட சொன்னேன், இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று. வெட்கம் அனுப்பினவர்களுக்கு.

இன்னொருவரைப் பற்றியும் அடிக்கடி நினைக்கிறேன். அதே அட்டாரியில் இருந்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. 1982-இல் ஈ.டி. சினிமாவை வைத்து ஒரு கேமை ஐந்தே வாரத்தில் செய்து கொடுக்கச் சொன்னார்கள், செய்து கொடுத்தார். விற்காமல் மிஞ்சியதைப் பாலைவனத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள், 2014-இல் தோண்டி எடுத்து அதையும் வேடிக்கை பார்த்தார்கள். உலகத்திலேயே மோசமான கேம் என்று அவர் தலையில் கட்டினார்கள். அவர் அதற்கு முன்பு யார்ஸ் ரிவெஞ்ச் என்கிற, நன்றாக ஓடிய கேமைச் செய்தவர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஐந்து வாரம் கொடுத்தவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மனிதர் பிற்காலத்தில் மனநல சிகிச்சையாளர் ஆனார். தன்னைப் போல இந்தத் துறையில் நொந்துபோனவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற வேலை. அப்படி ஒருவரிடம் போய்ப் பேசுவதும் தப்பில்லை, பாப்பா. யார் வேண்டுமானாலும் போகலாம். இல்லை, கேம் வேலையே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தாலும் அது தோற்றுப்போனது ஆகாது.

உன் பெயருக்குப் பக்கத்தில் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் பல மாதமாக ஆஃப்லைன் என்றே இருக்கிறது. மீட்டிங் இருக்கிறவர்கள் ராத்திரி ஒரு மணி நேரமாவது ஆடுவார்கள், நீ ஆடுவாய். இட் டேக்ஸ் டூ கேம் பாதியில் நிற்கிறது. அதைத் தனியாக ஆடவே முடியாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அண்ணன் உட்காருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். எந்த நேரமானாலும் சரி, நீ உள்ளே வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வேலை விஷயம் எதுவும் பேச வேண்டாம். பணம் தேவை என்றாலும் தயங்காதே, ஒரு வார்த்தை போதும், எதற்கு என்று கேட்கமாட்டேன். உன் அறையில் சின்னவனின் சாமான்கள் இருந்தன, எடுத்து வைத்துவிட்டோம்.

சாப்பிடு. தூங்கு. மணிக்கட்டைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு, கிரெடிட்ஸில் பெயர் இல்லாத விஷயம் அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. அந்தப் படி அறையைப் பற்றி அவளிடம் நீயே ஒரு தரம் சொல், நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை.

அன்புடன்,
அப்பா