செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: கிளட்ச்சுக்கே போன ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கோவை கார் ஆர்வலர்களாகிய நம் சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன; மழையால் ஒன்று தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் அதிகம். சந்தா பாக்கிப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பெயர்களை வாசித்து யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை, டீ இடைவேளைக்குள் கட்டிவிட்டால் நல்லது.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மாதம் ஒரு தலைப்பு என்று மேய்வதை விட்டுவிட்டு, ஆண்டு முழுக்க ஒரே விஷயத்தைப் பார்ப்பது. எடுத்துக்கொண்ட விஷயம், டிராக் (drag) பந்தயத்தில், அதாவது நேர்கோட்டில் கால் மைல் ஓடும் போட்டியில், கியர் வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்புவது. காரணம் எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்கள் எக்ஸாஸ்ட் மாற்றுவார்கள், ஏர் ஃபில்டர் மாற்றுவார்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூவை ரீமேப் செய்வார்கள். அப்புறம் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டிவிட்டு நேரச் சீட்டைப் பார்த்தால் பழைய நேரமே நிற்கும். சீட்டில் மேலே வரும் ஒரு வரியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. முதல் 60 அடிக்கு, அதாவது 18.3 மீட்டருக்கு, ஆன நேரம் அது. அங்கே பத்தில் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைல் கடைசியில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை திரும்பக் கிடைக்கும் என்பது டிராக் ஓட்டுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த 60 அடியைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, எஞ்சினைச் சக்கரங்களோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்ச்.

இதைப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் நம் உறுப்பினர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1,000 கிலோ எடையுள்ள ஒரு முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் டார்க், அதாவது திருகு விசை, 150 நியூட்டன் மீட்டர். முதல் கியரும், சக்கரத்துக்கு முன் வரும் கடைசிக் கியரான ஃபைனல் டிரைவும் சேர்ந்து அதை 14 மடங்காக்கும். டயர் ஆரம் 30 செ.மீ. நிற்கும்போது முன் அச்சில் 60 சதவீத எடை. வண்டி முன்னே பாய்ந்ததும் எடை பின்னால் சாயும்; முன் டயர்கள் மேல் சுமார் 500 கிலோதான் மிஞ்சும். நல்ல தார் ரோட்டில் அந்த டயர்கள் தாங்கும் இழுவை சுமார் 4,500 நியூட்டன். இதை டயர் ஆரத்தால் பெருக்கி 14ஆல் வகுத்தால் கிளட்ச் வழியாகப் போக வேண்டிய டார்க் நூறுக்கும் கொஞ்சம் குறைவு. 150 இருக்கிறதே என்று பெருமைப்பட்டு என்ன பயன், டயர் வாங்குவது அவ்வளவுதான். இதில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்தில் சேர்த்து வைத்திருக்கும் சக்தியை இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெடலை வெடுக்கென்று விட்டால் அதுவும் ஒரே அடியாக வந்து இறங்கும்.

அடுத்த கணக்குதான் எனக்குப் பிடித்தது. 4,000 ஆர்.பி.எம்.மில் முதல் கியர் முழுதாகப் பிடித்திருந்தால் இந்த வண்டி மணிக்கு 32 கி.மீ. போக வேண்டும். ஆனால் அது நின்றுகொண்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தை யாராவது ஒருவர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். டயர் வழுக்கலாம், எஞ்சின் வேகம் பொத்தென்று விழலாம், அல்லது கிளட்ச் வழுக்கலாம். நான்காவது வழி இல்லை. டயர் வழுக்கினால் புகையும் சத்தமும் கிடைக்கும், நேரம் போகும். எஞ்சின் விழுந்தால் வண்டி இருமிக்கொண்டு நகரும். ஆகவே கிளட்ச்தான் வழுக்க வேண்டும், அதுவும் நம் கட்டுப்பாட்டில்.

வழுக்கும்போது கிளட்ச் கடத்தும் டார்க்கை எஞ்சின் வேகம் தீர்மானிப்பதில்லை. கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட் எவ்வளவு அழுத்துகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை வைத்து ஆட்டம் காட்டிக்கொண்டிருந்த பலருக்கு இது புதிய செய்தியாக இருந்தது. அந்தச் சில கணங்களுக்கு இழுவையைத் திருகும் குமிழ் இடது காலில் இருக்கிறது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வாடகைக்கு நேரம் எடுத்துப் பயிற்சி நடத்தினோம். முழுக் கால் மைல் நமக்குத் தேவைப்படவில்லை, 60 அடி போதும். கூம்பு வைத்து, சென்சார் வைத்து, ஒவ்வொருவராக ஓடினார்கள். நம்மில் நன்றாகச் செய்தவர்களின் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கோட்டில் நின்றதும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பெடலைக் கிளட்ச் லேசாகத் தொடும் இடம்வரை உயர்த்துவார்கள். பின்சக்கரத்தை ஹேண்ட்பிரேக் பிடித்திருப்பதால் முன்சக்கர வண்டி நகராது. கியர், ஆக்ஸில் இவற்றில் உள்ள ஆட்டமெல்லாம் இறுகிவிடும். பச்சை விழுந்ததும் ஹேண்ட்பிரேக் இறங்கும், கால் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனால் முழுதாக ஏறாது. வண்டி எஞ்சின் வேகத்தை எட்டிப் பிடிக்கும்வரை கால் அப்படியே நிற்கும். கேட்க எளிது. உடம்பில் பரபரப்பு ஏறியிருக்கும்போது இடது காலை ஒரு விநாடிக்கு மேல் பாதி வழியில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இதற்கு விலை உண்டு. எஞ்சின் வேகத்தை மாறாமல் வைத்துக் கிளட்சை வழுக்கவிட்டால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான அளவு கிளட்ச் பிளேட்டில் வெப்பமாகப் போகும். மேலே சொன்ன வண்டிக்கு ஒரு தடவைக்கு சுமார் 40 கிலோ ஜூல். ஒரு முறைக்கு ஒன்றும் ஆகாது. ஆறவிடாமல் அடுத்தடுத்து ஓட்டினால் பிளேட் கண்ணாடி போல மினுங்கிவிடும், கருகிய வாசனை வண்டிக்குள்வரை வரும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே வண்டியை ஆறவிட வேண்டும் என்ற விதியைச் செயற்குழு கொண்டுவந்தது. முணுமுணுத்தவர்கள் உண்டு, விதி தொடரும்.

அடுத்தது ஒரு வருத்தமான சங்கதி. நம் உறுப்பினர் ஒருவர், "ஏனுங்க, இவ்வளவு கால் வித்தை எதுக்கு, கிளட்ச்சையே மாத்தீரலாமுங்களே" என்று ஒரு கடையில் செராமிக் பக் (puck, துண்டு துண்டாகப் பதித்த உராய்வுப் பட்டைகள்) பிளேட்டும் கனமான பிரஷர் பிளேட்டும் வாங்கி மாட்டினார். வண்டி பறக்கும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வகைப் பிளேட் பாதி பிடிப்பது என்பதையே அறியாது. ஒன்று பிடிக்கும், இல்லை விடும். முதல் ஓட்டத்திலேயே முன்சக்கரங்கள் பிடித்தும் விட்டும் துள்ளின, முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இணைப்பான இடதுபக்க சி.வி. ஜாயின்ட் உடைந்து வண்டி கோட்டிலேயே நின்றது. 300 நியூட்டன் மீட்டர் வண்டிக்கு அந்த பிளேட் தேவைப்படலாம். 150க்கு, கம்பெனி கொடுத்த ஆர்கானிக் பிளேட்டே மெத்தென்று வழுக்கும். கடைக்காரர் பேச்சைவிடப் பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் மேல் என்பது என் தனிப்பட்ட கருத்து, அறிக்கையில் பதிவாகட்டும். டூ-ஸ்டெப் ரெவ் லிமிட்டர் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வண்டி கோட்டில் நிற்கும்போது எஞ்சின் வேகத்தை ஓர் அளவில் நிறுத்தி வைக்கும், கிளட்சை ஒன்றும் செய்யாது. பலர் அதை வாங்கியது பட்பட் சத்தத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டில் உருப்படியாகச் செய்த பொருள், கிளட்ச் மெல்லப் பிடிக்கும்படி, பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கடைந்து கொடுத்த வால்வு. பி.எம்.டபிள்யூ போன்ற கம்பெனிகள் சில வண்டிகளில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்சின் குழாயிலேயே சிறு தடுப்பு வைத்திருக்கின்றன. மிதிக்கும்போது எண்ணெய் தடையில்லாமல் போகும், விடும்போது சிறு துளை வழியே மெல்லத் திரும்பும். பலர் அதைப் பிடுங்கி எறிவார்கள். நாம் அதையே திருகி அளவு மாற்றும்படி செய்தோம். கதவு தானாக மெல்லச் சாத்த மேலே மாட்டுவார்களே, அதே வேலை. முதலில் நீளமான துளை போட்டார். காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் ஒரு மாதிரியும் பிடித்தது, எண்ணெய் சூடாகி இளகியதுதான் காரணம். மெல்லிய தகட்டில் கூர்விளிம்புத் துளையாக மாற்றியதும் வித்தியாசம் பெரிதும் குறைந்தது. இன்னொரு சிக்கல்: முழுப் பெடல் தூரத்துக்கும் தடுப்பு இருந்தால் கிளட்ச் தொடுவதற்கே தாமதமாகும், கியர் மாற்றும்போதெல்லாம் வழுக்கும். தொடும் இடம்வரை வேகமாக வந்து, அதற்கப்புறம் மெதுவாக, அதுவும் முதல் கியரில் மட்டும் என்பதே வேண்டியது. அந்தப் பாதி வேலை இன்னும் முடியவில்லை. பெடல் தேவைக்கு மேல் கீழே போகாதபடி அடியில் ஒரு ஸ்டாப்பர் வைத்ததே பலருக்கு நல்ல பலன் தந்தது. கேபிள் கிளட்ச் வண்டிகளுக்கு இந்த வால்வு பொருந்தாது. அவற்றுக்குப் பெடலிலேயே வேகத்தைத் தணிக்கும் டேம்பர் மாட்டிப் பார்க்க யோசனை இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க டிராக் பந்தயத்தின் உச்ச வகுப்பான டாப் ஃப்யூவல் வண்டிகளில் முழு வித்தையும் பல தட்டுக் கிளட்ச்சில்தான் இருக்கிறது. முன்கூட்டியே அமைத்த டைமர்கள் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும், ஓட்டம் பாதி தாண்டித்தான் கிளட்ச் முழுதாகப் பூட்டும். ஓட்டம் முடிந்ததும் பிளேட்டுகள் மாற்றப்படும். அவர்கள் பட்ஜெட்டைப் பார்த்துப் பொருளாளர் பயப்பட வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி. 1970இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் வண்டியின் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவர் வலது பாதத்தில் ஒரு பகுதியை இழந்தார். அதன் பிறகுதான் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியைக் கட்டினார். நம் வண்டிகளில் காலுக்கு மிக அருகில் சுற்றுவது ஃப்ளைவீல். திரும்பத் திரும்பச் சூடேறிய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலில் வெடிப்பு விழும். கியர்பாக்ஸ் இறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து, மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மாற்ற வேண்டும். கடைந்து திரும்பப் போடுகிறேன் என்பவரைச் சங்கப் பயிற்சியில் அனுமதிக்க மாட்டோம்.

புறவழிச்சாலையில் இரவில் ஓட்டிப் பார்த்ததாக வந்த புகாரைச் செயற்குழு விசாரித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவுப்படி பொதுச் சாலையில் வேகப் போட்டி குற்றம். சம்பந்தப்பட்டவர் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீடு வந்தது, நிராகரித்தோம்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கள வாடகைதான் பெரிய செலவு. ஆம்புலன்ஸ் அதற்கு அடுத்தது, அதில் குறைக்க முடியாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: வால்வின் இரண்டாம் கட்ட வேலையை முடிப்பது, சென்னை இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் நடக்கும் டிராக் போட்டியைப் பார்க்க ஒரு குழுவை அனுப்புவது, சோழவரம் ஓடுபாதைக் காலத்துப் பந்தயங்களை நேரில் பார்த்த நம் மூத்த உறுப்பினர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வது. பின்சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்குத் தனிப் பயிற்சி நாள் கேட்டிருக்கிறார்கள். எடை பின்னால் சாய்வது அவர்களுக்குச் சாதகம் என்பதால் கணக்கே வேறு, கோரிக்கை நியாயமானது. வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் சம்மதித்தால் செய்யலாம்.

களத்தில் வெயிலில் நின்று நேரம் குறித்த இளைஞர்களுக்கும், பட்டறையைத் திறந்துவிட்ட அண்ணனுக்கும், மோர் கொண்டுவந்து கொடுத்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்