மூண்டு மாச ஊசி: மிச்சக் கதையையும் போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு,

மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் போடுற கர்ப்பத்தடை ஊசியால ஆபிரிக்கப் பெண்களுக்கு எச்ஐவி கூடுதாம் எண்டு உங்கட பேப்பரில ஒரு துண்டுச் செய்தி வந்தது. அதை ஆரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில விட, இஞ்ச உப்புவெளிப் பக்கம் பொம்பிளைகள் கிளினிக் கார்டைக் கையில வைச்சுக்கொண்டு ஊசிக்குப் போறதோ விடுறதோ எண்டு முழிச்சுக்கொண்டு நிக்கினம். ஏற்கனவே அந்த ஊசியால மாதவிடாய் நிண்டா கெட்ட ரத்தம் உள்ளுக்க தேங்குது எண்டு பயப்படுற சனம், இப்ப இதுவும்.

செய்தி முழுப்பொய் இல்லைத்தான். 2011இல வந்த ஒரு ஆய்வில ஊசி போட்டவைக்குத் தொற்று கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எண்டு இருந்தது. ஆனா அது பெண்கள் தாங்களா எடுத்த முறையைப் பாத்துப் போட்ட கணக்கு. ஊசி இருக்குத்தானே, பிள்ளை தங்காது எண்டு கொண்டத்தை, அதுதான் ஆணுறையை, விட்டவளுக்குத் தொற்று வந்தா, அது ஊசியின்ர குற்றமோ கொண்டம் இல்லாததின்ர குற்றமோ?

இதைப் பிரிச்சறியத்தான் எக்கோ எண்ட ஆய்வை நடத்தினவை. 2015 கடைசியில தொடங்கி தென்னாபிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வாத்தினி நாலு நாட்டிலயும் 16இல இருந்து 35 வயசு வரையான 7,829 பெண்கள், ஆருக்கு ஊசி, ஆருக்கு கருப்பையில வைக்கிற கொப்பர் லூப், ஆருக்கு கையில வைக்கிற இம்பிளாண்ட் எண்டு குலுக்கல்லதான் முடிவாச்சு. முடிவு 2019 ஜூன்ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்தது. மொத்தம் 397 பேருக்குத் தொற்று, ஊசியில 143, லூப்பில 138, இம்பிளாண்டில 116. பெரிய வித்தியாசம் இல்லை. தொற்று 50 வீதம் கூடினா பிடிபடுற மாதிரித்தான் ஆய்வை அமைச்சவை, சின்ன வித்தியாசம் தப்பியிருக்கலாம், அதையும் ஒளிக்காமப் போடுங்கோ. அதே வருஷம் ஓகஸ்டில உலக சுகாதார நிறுவனம் எச்ஐவி ஆபத்துக் கூடின பெண்களும் இந்த மூண்டையும் தாராளமாப் பாவிக்கலாம் எண்டு சொல்லிப்போட்டுது.

எனக்கு உறைச்சது அந்த 397தான். கொண்டமும் குடுத்து, புத்தியும் சொல்லி, ஒழுங்கா டெஸ்டும் எடுத்து, அப்படியும் வருஷத்துக்கு 100 பேரில கிட்டத்தட்ட 4 பேருக்கு! பிள்ளை இப்ப வேண்டாம் எண்டு வந்த சாதாரணப் பெண்கள் இவை. குடும்பக் கட்டுப்பாடு செய்யிற இடத்திலயே எச்ஐவி தடுக்கிற மாத்திரையும் கிடைக்கவேணும் எண்டு அங்க கேக்கினம், நியாயம்தானே. பெரிய தலைப்புப் போடுறதெண்டா இதுக்குப் போட்டிருக்கலாம்.

எங்கட நாட்டில எச்ஐவி அவ்வளவு இல்லை, அந்தப் பயத்தை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஆனா ஊசியோ லூப்போ இம்பிளாண்டோ பிள்ளையை மட்டும்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது, ரெண்டையும் தடுக்கிறது கொண்டம் ஒண்டுதான் எண்டு எத்தினை பேருக்குத் தெரியும்? டவுன் பாமசியில அதைக் கேக்கிற ஆம்பிளை கடையில வேற ஆக்கள் போகுமட்டும் பனடோல் விலை விசாரிச்சுக்கொண்டு நிப்பார், பிறகு பேப்பரில சுத்தி, அதுக்கு மேல கறுப்பு சொப்பிங் பேக். அவர் வாங்காட்டி பெஞ்சாதி என்ன செய்யிறது?

ஞாயிறு மகளிர் பக்கத்தில அரைப்பக்கம் ஒதுக்கி ஒரு டொக்டரைக் கொண்டு இதை எழுதுவியுங்கோ. அதோட, ஊசியைப் பாதியில விட நினைக்கிறவை முதல்ல மிட்வைஃபோட கதைச்சு வேற முறைக்கு மாறிப்போட்டு விடட்டும், சும்மா விட்டா அடுத்த பிள்ளைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை