நாலு கம்பி போதும் என்று சொன்ன அண்ணனுக்கு

அண்ணே,

நீ அனுப்பிய பணத்தில் ஒரு கிட்டார் வாங்கிவிட்டேன். முழுப் பணமும் போகவில்லை, ஆனால் பெரும்பகுதி போய்விட்டது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

அப்பாவின் முதல் நினைவுநாள் ஜெபத்துக்கு நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய்யில்லை. கிடைத்திருந்தால் வந்திருப்பேனா என்பது வேறு விஷயம். அந்தப் பணம் எதற்காக வந்தது, தொகையை யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இது எல்லோரும் பார்க்க எழுதும் கடிதம்; சித்தப்பா இதைப் படிப்பார், நம் கோயில் பாடகர் குழுவில் பாதிப் பேர் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: என் அண்ணன் என்னை ஏமாற்றவில்லை. யாரும் அப்படிப் பேச வேண்டாம். மற்றது எங்கள் வீட்டு விஷயம்.

சரி, கிட்டார். 1956-ல் செய்த மார்ட்டின், 0-18T மாடல். மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் மஹாகனி. நாலே கம்பி. டெனர் கிட்டார் என்று பெயர், நீ பார்த்திருக்க வாய்ப்பில்லை. இதைச் செய்த ஊர் நாசரேத். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலும் ஒரு நாசரேத் இருக்கிறது, மொரேவியர் என்ற கிறிஸ்தவ சபையார் குடியேறிய ஊர். நான் இருக்கும் பெத்லகேமுக்கு அந்தப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து 1833-ல் நியூயார்க் வந்த, கம்பெனியைத் தொடங்கிய மார்ட்டின், அந்தப் பத்தாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். இன்றைக்கும் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ஒலித்துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகுப் பலகையில் நாசரேத் என்று குத்தியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. கிட்டாரை விற்ற வயதான அம்மா என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். திருச்செந்தூர் ரயிலில் இன்னொரு நாசரேத்தில் இறங்கி வளர்ந்தவள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

1920-களில் அமெரிக்க நடனக் குழுக்களில் டெனர் பாஞ்சோ என்ற நாலு கம்பி வாத்தியம் வாசித்தவர்கள் ஏராளம். பாஞ்சோவுக்கு மவுசு குறைந்து எல்லோரும் கிட்டார் கேட்க ஆரம்பித்தபோது, அவர்கள் புதிதாக எதையும் கற்காமலே மாறிக்கொள்ளட்டும் என்று பாஞ்சோவின் அதே நாலு கம்பி, அதே சுருதியில் கிட்டார் செய்தார்கள். கிப்சன், மார்ட்டின் கம்பெனிகள் 1927 வாக்கில் தொடங்கின. அப்புறம் அதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். அலபாமாவின் டெல்மோர் சகோதரர்கள் என்ற பாட்டு ஜோடியில் அண்ணன் ஆல்ட்டனுக்கு ஆறு கம்பி, எட்டு வயது இளைய ரேபனுக்கு டெனர். 1933-லிருந்து நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் பாடினார்கள். 1952-ல் ரேபன் இறந்தபோது வயது 36. அவர்களுடைய பதிவுகளைக் கேட்கும்போது நான் தம்பியின் கிட்டாரைத்தான் தேடிப் பிடித்துக் கேட்கிறேன். அண்ணனுடையதைவிட மெலிந்த சத்தம், ஆனால் ஒரு இடத்திலும் அடங்கிப்போவதில்லை.

நாலு கம்பி என்றதும் உனக்கு அந்தக் கேரல் ராத்திரி ஞாபகம் வருகிறதா? வராது என்று நினைக்கிறேன்.

கரண்ட் இல்லை. திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கோயில் கிட்டாரில் தடித்த கம்பி இரண்டும் மதியம் ஒத்திகையில் போய்விட்டன, பாளையங்கோட்டை போய் வாங்கிவர நேரமில்லை. நீ வேகமாக வந்து என் மடியிலிருந்த கிட்டாரை எடுத்து, கீயைத் திருகித் தளர்த்தி, மேலே இருந்த தடித்த கம்பிகள் இரண்டையும் உருவினாய். நான் அழவில்லை. வாயைத் திறக்காமல் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, ஒனக்கு நாலு கம்பி போதும். கேரல் முடியட்டும், பாளையங்கோட்டையில வாங்கித் தாரேன்" என்றாய்.

கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாய். அப்புறம் என்ன நினைத்தாயோ, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஜி கார்டுக்கு ஒரே விரல் போதும் என்று காட்டினாய், மெல்லிய கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், அதாவது கழுத்தில் பதித்த மூன்றாவது உலோகக் கோட்டருகே. ஈ மைனருக்கும் ஒரு விரல். டி-க்கு மூன்று. என் விரல் மேல் உன் விரலை வைத்து அமுக்கினாய். வலித்தது. விரல் நுனியை உன் சட்டையால் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினாய். தெருவிலிருந்து உன் கூட்டாளிகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "வாரேன்ல" என்று சத்தம் போட்டாயே தவிர, நான் மூன்று கார்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் எனக்கு அப்படி உட்கார்ந்து எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, அண்ணே. அப்பாகூட இல்லை.

அந்த இரண்டு கம்பியும் வரவேயில்லை. நான் வளர்ந்து, கை நீண்டு, பாடகர் குழுவில் சேர்ந்த பிறகும் நாலு கம்பியிலேயே வாசித்தேன். உனக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டிய வாரம் அந்தக் கிட்டாரும் போய்விட்டது. நீ யாருக்கோ கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். வீட்டில் அது யாருடைய சாமான் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. உனக்கும்தான். இது சின்ன விஷயம் என்று நீ சொல்வாய். பெரிய விஷயங்களையும் நீ இதே போலத்தான் முடிவு செய்கிறாய் என்பதால் எனக்கு இது சின்னதாகத் தெரியவில்லை. போன வருஷம் போனில் வேறொரு காரியத்துக்கு "உனக்கு இது போதும்ல?" என்றாய். பாசமாகத்தான் கேட்டாய், குரலிலேயே தெரிந்தது. ஆனால் எனக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது. இதற்கு மேல் இங்கே வேண்டாம். அண்ணியும் படிப்பார்கள்.

பணத்தை வீணாக்கிவிட்டேன் என்று நினைக்காதே, விசாரித்துத்தான் வாங்கினேன். ஈஸ்டனில் ஒரு வயதான அம்மா, காலமான கணவருடையது என்று விற்றார். மாடலும் வரிசை எண்ணும் உள்ளே கழுத்துக் கட்டையில் குத்தியிருக்கும், அதை வைத்து ஆண்டைச் சரிபார்த்தேன். மேல்பலகையில் கீறல் விழாமல் ஒட்டும் தகடான பிக்கார்டின் ஓரமாக ஒரு விரிசல். அந்தக் காலத்து மார்ட்டின்களில் செல்லுலாய்டு பிக்கார்டை நேரே மரத்தில் ஒட்டிவிடுவார்கள். வருஷம் போகப்போக அது சுருங்கி மரத்தையும் இழுத்துப் பிளந்துவிடும். அதைச் சரிசெய்யலாம், பயமில்லை. கழுத்துதான் கவலையாக இருந்தது. ஃப்ரெட்டுகள் மேல் ஒரு நேரான இரும்புச் சட்டத்தை வைத்து நகர்த்தினால் அதன் நுனி, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். இதில் கீழே போய் முட்டியது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, அமுக்கினால் விரல் போய்விடும். மார்ட்டின் கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யும் கம்பி 1985-ல்தான் வந்தது. இதில் அசையாத இரும்புப் பட்டை மட்டும்தான். இருந்திருந்தாலும் இந்தக் கோணல் திருகிப் போகிற கோணல் இல்லை. கழுத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய கிட்டார்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார். பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் ஒரு துளை போட்டு, ஊசி வழியாக உள்ளே நீராவி விட்டார். அத்தனை வருஷமாகப் பிடித்துவைத்திருந்த பிசின் இளகி, கழுத்து மெல்ல மேலே எழுந்து வந்தது. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பிசின் என்பதால் இப்படிச் சுலபமாகக் கழற்ற முடிகிறது, இன்றைய சில பசைகளில் இது நடக்காது. அப்புறம் கழுத்தின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, பொருத்திப் பார்த்து, மறுபடி சீவி, கோணம் சரியானதும் அதே பிசினில் ஒட்டினார். பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலை எலும்பில் புதிதாக வைத்தார். இப்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு மில்லிமீட்டர்தான்.

கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள நட்டை வைக்கும்போது அவர் கேட்டார்: எந்தச் சுருதி?

அந்த அம்மாவின் கணவர் டி, ஜி, பி, ஈ என்று வைத்திருந்தார். ஆறு கம்பி கிட்டாரில் கீழ் நாலும் அதுதான், இங்கே சிகாகோ சுருதி என்பார்கள். நீ எனக்கு விட்டுவைத்த அதே நாலு. பிடித்துப் பார்த்தேன். ஜி கார்டு ஒரே விரலில் விழுந்தது. அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசு கெஞ்சியது, உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் டெனர் கிட்டாரின் சொந்தச் சுருதி சி, ஜி, டி, ஏ. ஒவ்வொரு கம்பிக்கும் இடையில் ஒரு ஸ-ப இடைவெளி, கோயிலில் வெஸ்டர்ன் வயலின் வாசிப்பவர்கள் வைப்பது போல. இப்படி வைத்தால் தடித்த கம்பி நீ விட்டுவைத்ததைவிட ஒரு சுரம் கீழே இறங்குகிறது. மெல்லியது உன் ஆறு கம்பி கிட்டாரின் கடைசிக் கம்பியையும் தாண்டி மேலே ஏறி, ட்யூனிங் ஃபோர்க் ஒலிக்கிற 440 ஹெர்ட்ஸில் போய் நிற்கிறது. அதே நாலு கம்பிதான். இரண்டு பக்கமும் நீ கொடுத்ததைவிட அகலம். இரண்டை எடுத்துவிட்ட மிச்சம் இல்லை இது, அண்ணே. நாலுக்கென்றே யோசித்துச் செய்த வாத்தியம். இத்தனை வருஷம் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

சி, ஜி, டி, ஏ என்று சொன்னேன். அவர் .032, .022, .014, .010 அங்குலத் தடிமனுள்ள கம்பிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் அளவாக நட்டை அராவினார். பழைய சுருதிக்கு வேண்டிய தடித்த கம்பிகள் இனி மெல்லிய பக்கத்துப் பள்ளங்களில் உட்காராது. இப்போது நான் முதலிலிருந்து கற்கிறேன். ஜி-க்கு இரண்டு விரல் வேண்டும், விரல்கள் விரிய வேண்டும். நட்டிலிருந்து சேடில் வரை கம்பி 23 அங்குல நீளம்தான் என்பதால் என் கை எட்டுகிறது. நீ காட்டிய மூன்று கார்டும் இதில் உதவாது. அதற்காக வருத்தப்படுகிறேன், நிஜமாகவே. செய்ததை மாற்ற மாட்டேன்.

ஊருக்கு வரும்போது கொண்டுவா என்று அம்மா கேட்கிறாள். முடியாது. விரல் பலகையும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட். 1992-லிருந்து அந்த மரத்தை, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தகுந்த பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் பிடுங்கிக்கொள்ளவும் கூடும். கேட்க வேண்டுமானால் நீதான் வர வேண்டும். உன் ஆறு கம்பி கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வா. நீ அடியில் கார்டு பிடி, நான் மேலே வாசிக்கிறேன்.

ஜனவரியில் நான் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. வீட்டு விஷயத்தை அப்போது நாம் இரண்டு பேரும் மட்டும் பேசுவோம். சித்தப்பா மன்னிக்கட்டும், அவர் வேண்டாம். அதற்குள் ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். அந்தப் பழைய கிட்டாரை யாருக்குக் கொடுத்தாய்? பெயரை இங்கே எழுதாதே, எனக்குத் தனியாக அனுப்பு. அவர் இன்னும் வைத்திருந்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

உன் தங்கச்சி