மனநல ஆலோசகரின் சலுகைக் கட்டணமும் கணக்கில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவில் தமிழில் மனநல ஆலோசனை வழங்குவோர் ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாயும் அதற்கு மேலும் கேட்பது தகாது என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் வருந்தி எழுதியிருந்தார். தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில், அந்தத் தொகை எப்படி உருவாகிறது என்பதையும், வசதி குறைந்தவர்களுக்கான சலுகை ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்பதையும் விளக்க விரும்புகிறேன்.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். வெளியே பேச்சுக் கேட்காத ஓர் அறையின் வாடகை, மின்சாரம், மூத்த ஆலோசகரிடம் வழிகாட்டல் பெறுவதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 45,000 ரூபாய், குடும்பச் செலவுக்கு 60,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். இந்நகரில் வழக்கமாகக் கேட்கப்படும் பத்து மாத வாடகை முன்பணத்தை நான் இதில் சேர்க்கவில்லை. மாதம் 80 அமர்வுகளுக்கு நேரம் ஒதுக்கினாலும், கடைசி நேரத்தில் வர இயலாமற்போகிறவர்களைக் கழித்தால் 70 நடந்தாலே பெரிது. அப்படியானால் அமர்வுக்கு 1,500 ரூபாய் வந்தால்தான் வரவும் செலவும் சரியாகும். அவற்றுள் பத்து அமர்வுகளை 500 ரூபாய்க்குத் தர விரும்பினால், மற்ற அறுபதுக்கும் ஏறத்தாழ 1,670 ரூபாய் வாங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல், எதிரே கலங்கி அமர்ந்திருப்பவரைப் பார்த்து அந்த நேரத்து இரக்கத்தில் கட்டணத்தைக் குறைக்கும் ஆலோசகர், பள்ளி விடுமுறையும் பண்டிகையும் வந்து வருகை குறையும் மாதங்களில் வாடகைக்கே திணறி, ஈராண்டுக்குள் அறையைக் காலிசெய்துவிட்டு நிறுவன வேலைக்குப் போய்விடுகிறார். அப்போது சலுகை பெற்றவர்தான் முதலில் கைவிடப்படுகிறார். ஆகவே மாதத்துக்கு எத்தனை சலுகை அமர்வுகள் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, வாடகையைப் போல அதையும் ஒரு செலவாக எழுதிவைக்க வேண்டும்.

பத்து அமர்வுகளுக்கு மொத்தமாக முன்பணம் வாங்குவோர், நடந்த அமர்வுகளுக்கான தொகையை மட்டுமே தமதாகக் கருதி, மீதியைத் தனிக் கணக்கில் வைப்பது நல்லது. இடையில் நின்றுவிடுபவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் அது.

2025 ஜூலையில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த பிறகு, ஆலோசகர்கள் சிலரும் அஞ்சி ரொக்கத்துக்கு மாறினர். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்னும் கேள்வியே எழுகிறது. தாண்டுவோர், மருத்துவச் சேவைக்கான விலக்கு தமது தகுதிக்குப் பொருந்துமா என்று வரி ஆலோசகரிடம் எழுத்துமூலம் கேட்டுவைத்துக்கொள்ளலாம். ரொக்கத்தில் வாங்கி ரசீதையும் தவிர்த்தால், அலுவலகத்தில் செலவைத் திரும்பப் பெறும் வாய்ப்பை ஆலோசனை பெற வந்தவர் இழக்கிறார். அந்த ரசீதில் நோயின் பெயர் வேண்டியதில்லை. என்னைப் போன்ற கணக்கரிடம் வரும் ஏட்டிலும் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். யார் எதற்காக வந்தார் என்பது கணக்கு எழுதுபவனுக்குத் தேவையே இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுவோருக்கே பணம் தருவதால், வாராவாரம் வந்துபோகும் ஆலோசனையின் செலவு முழுவதும் குடும்பத்தின் மீதே விழுகிறது. ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு எடுக்கும் நிறுவனங்கள் இந்நகரில் ஏராளம். புறநோயாளி ஆலோசனையையும் சேர்க்குமாறு அவை வற்புறுத்தினால் சலுகையின் சுமை குறையும். சலுகைக் கட்டணமும் இயலாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம் என்பதைத் தங்கள் நாளிதழ் அடிக்கடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.