எத்தனை எலும்பில் என்று எண்ணினார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால் அந்தச் சுரப்பிக்குச் சிகிச்சை செய்து பயனில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இதையேதான் என் அண்ணனிடம் ஒரு மருத்துவரும் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டிய அண்ணன், சிறுநீர் போக டியூப் போட்டு மாட்டியிருந்த மூத்திரப் பையைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

அண்ணிதான் விடவில்லை. மதுரையில் இன்னொரு மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் எண்ணினார். இடுப்பெலும்பில் இரண்டு, முதுகெலும்பில் ஒன்று. "மூன்றுதானே, சுரப்பிக்குக் கரண்ட் வைக்கலாம்" என்றார். கரண்ட் என்றால் கதிர்வீச்சு.

இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்டாம்பீட் ஆய்வில், கண்டுபிடிக்கும்போதே நோய் பரவியிருந்த 2,061 பேர் இருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் கதிர்வீச்சால் ஆயுள் கூடவில்லை. ஆனால் அண்ணனைப் போலப் பரவல் குறைவாக இருந்தவர்களில், மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் கதிர்வீச்சு பெறாதோரில் 73 சதவீதம், பெற்றோரில் 81 சதவீதம். பரவல் அதிகமானவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை உங்கள் வரி சரி. நோய் அடியோடு போய்விடும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஹார்மோன் ஊசி தொடர்கிறது.

அந்த ஆய்வில் இரண்டு முறைகள்: நான்கு வாரம் தினசரி, அல்லது வாரம் ஒன்றாக ஆறு தடவை. தினமும் பாம்பன் பாலம் தாண்டி மதுரைக்குப் போய்வருவது நடக்கிற காரியமா? அண்ணன் வாரம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு எப்படியும் கரையில்தான். பெரிய சோதனை வேறு. கரண்ட் வைக்குமுன் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பி வைத்திருக்க வேண்டும். டியூப் எடுத்துச் சில வாரமே ஆன மனிதர், முழங்காலை இறுக்கிக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தையே பார்த்தபடி, கூப்பிட்டாலும் பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். எத்தனை எலும்பில், எங்கெங்கே என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி இரண்டு வரி போதும். என் பெயர் வேண்டாம். போட்டால் அண்ணன் யாரென்று மீன் ஏலம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்