மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். பெற்றோர் கூட்டத்தில், காது கேட்காத என் மகளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு, பின்னால் காத்திருந்தவர்களின் அவசரத்தில் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, கருவியும் போட்டிருக்கிறாள், இனி மற்ற பிள்ளைகளைப் போலத்தானே?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் இன்னமும் அதைத்தான் கேட்கிறார்கள். இப்படியொரு பிள்ளை வேறு பள்ளிகளிலும் இருக்கும், அந்த ஆசிரியர்களும் படிக்கட்டும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பொருத்தியிருப்பது காக்ளியர் இம்ப்ளான்ட். தாத்தா பாட்டிகள் அணியும் காது கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்பும். இது அப்படியல்ல. காதின் பின்னால் இருக்கும் பெட்டி ஒலியை வாங்கி, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் 'காயில்' (coil) என்ற வட்டமான பாகத்தின் வழியாகத் தோலுக்கு அடியில் உள்ள பாகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து உட்செவிக்குள் போகும் மெல்லிய இழை செவி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. நம் காதில் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள் பார்க்கும் வேலையை அவளுக்கு 22 மின்முனைகள் பார்க்கின்றன. அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அது போதும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் போதாது. கழற்றி வைத்துவிட்டால் ஒன்றுமே கேட்காது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், இரண்டரை வயதில் ஆபரேஷன் நடந்தது. அந்தத் திட்டம் இல்லையென்றால் எங்களால் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அதன்பின் பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் அலைந்தோம். வயது எட்டு என்றாலும் அவள் கேட்கத் தொடங்கி ஐந்தரை வருடம்தான் ஆகிறது. அவளுடைய சொற்கள் குறைவாகத் தெரிந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அவள் தலையாட்டுவாள். "புரிந்ததா?" என்று நீங்கள் கேட்டால் எல்லோருடனும் சேர்ந்து "புரிந்தது டீச்சர்" என்பாள். அதை நம்பாதீர்கள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஒரு வாக்கியத்தில் மூன்று சொற்கள் காதில் விழுந்து இரண்டு தவறிவிட்டால், தவறியது எது என்று அவளுக்கே தெரியாது. காதில் விழாத ஒன்றைப் பற்றி உங்களிடம் எப்படிக் கேட்பாள்? அதோடு, வகுப்பே தலையாட்டும்போது தான் மட்டும் கையைத் தூக்க எட்டு வயதில் எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இருக்கும். ஆகவே "புரிந்ததா?" என்று கேட்பதற்குப் பதில், "இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல்லு" என்று கேளுங்கள். "பக்கம் 24, இரண்டாவது கணக்கு" என்று அவள் வாயால் வந்தால் சரி. வரவில்லை என்றால் இன்னொரு முறை, வேறு சொற்களில் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம். உரத்த குரலைக் கருவி தானாகவே அடக்கிவிடும், சொல்லும் சிதையும். இயல்பான குரலில், கொஞ்சம் நிதானமாக, முகம் பார்த்துச் சொன்னால் போதும். போர்டில் எழுதிக்கொண்டே பேசும்போது உதடு மறைந்துவிடுகிறது. உதடு தெரிந்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள்; இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே நடக்கிற காரியம், வெளியே அவ்வளவாகத் தெரியாது. அதனால் சொல்வதை எழுதும்போது 'மழை' என்று தனிச் சொல்லாகச் சொல்லாமல், "மழை பெய்கிறது, மழை" என்று சொல்லுங்கள். வாக்கியம் கிடைத்தால் சொல்லைப் பிடித்துக்கொள்வாள். இது மற்ற பிள்ளைகளுக்கும் நல்லதுதானே.

அவளுக்கு வலது பக்கம் மட்டும்தான் கருவி. ஒரு காதால் மட்டும் கேட்பவர்களுக்கு ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பின்னாலிருந்து கூப்பிட்டால் வேறெங்கோ பார்ப்பாள். அது திமிர் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார வைக்க வேண்டாம்; சாலைச் சத்தம், பஸ் ஹாரன் எல்லாம் நேரே கருவிக்குள் போகிறது. ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். இரண்டாவது வரிசையில், வலது காது உங்கள் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்தால், பதில் சொல்லும் மற்ற பிள்ளைகளின் முகத்தையும் திரும்பிப் பார்க்க முடியும்.

உங்களுக்காக ஒரு சின்ன வயர்லெஸ் மைக் வாங்கியிருக்கிறோம். நீங்கள் பேசுவது அதிலிருந்து நேராக அவளுடைய கருவிக்குப் போகும். நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் போனாலும் காதருகே பேசுவதுபோல் கேட்கும். வாய்க்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். சேலைத் தலைப்போ செயினோ மைக்கில் உரசினால், உங்கள் பேச்சைவிட அந்த உரசல்தான் அவளுக்குப் பெரிதாகக் கேட்கும். ஆசிரியர் அறைக்குப் போகும்போது அணைத்துவிடுங்கள், அங்கே நீங்கள் பேசுவதும் அவளுக்குக் கேட்கக்கூடும்.

விளையாடும்போது காயில் கழன்று விழுவது சகஜம். காந்தம் இருப்பதால் இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். டெஸ்க் காலில், ஜாமெட்ரி பாக்ஸில் தேடினால் கிடைத்துவிடும். கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அறுந்தால் ஆயிரக்கணக்கில் செலவு, புதிது வரும்வரை அவளுக்குப் பள்ளியில் ஒன்றும் கேட்காது. கருவியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஒரு நாள் அவளையே காட்டி விளக்கச் சொல்லுங்கள். நன்றாகவே விளக்குவாள். 'பாவம்' என்ற சொல் மட்டும் வகுப்பில் வர வேண்டாம்.

பேட்டரி, அவளுடைய பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. தானே மாற்றிக்கொள்வாள், ஒரு நிமிடம் கொடுத்தால் போதும்.

கடைசிப் பீரியடில் அவள் டெஸ்க்கில் தலை சாய்த்தால் திட்டாதீர்கள். மற்றவர்களுக்குக் கேட்பது தானாக நடக்கிறது. அவள் ஒவ்வொரு வாக்கியத்திலும் விட்டுப்போன சொல்லை யூகித்து நிரப்பிக்கொண்டே வருகிறாள். வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் நாங்களும் அவளைக் கூப்பிடுவதில்லை.

திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் மைக்கோடு வருகிறேன். எப்படிச் சார்ஜ் போடுவது, எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டப் பத்து நிமிடம் போதும். அந்த நேரம் வசதிப்படாவிட்டால் டைரியில் எழுதி அனுப்புங்கள், மாலையில் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவியின் அம்மா