டபேதாரின் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல். நீ அனுப்பிய கேலிச்சித்திரம் கசங்காமல் வந்து சேர்ந்தது. பின்புறம் பென்சிலால், ‘இதைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது’ என்று எழுதியிருந்தாய். “பாவாடை கட்டிய இந்தத் தாடிக்காரனைப் பார்த்தா?” என்று உன் அம்மா சிரித்தாள். எனக்குப் புரிந்தது.

ஆள் இல்லாத சிம்மாசனம். அதன்மேல் சாய்ந்தபடி விக்டோரியா மகாராணியின் ஸ்காட்லாந்துப் பணியாள் ஜான் பிரௌன், கையில் களிமண் புகைக்குழாய். பிரிட்டிஷ் சிங்கம் உறுமுகிறது. மனிதர் அசைவதாக இல்லை. 1867 ஆகஸ்டில் ‘டொமஹாக்’ இதழுக்காக மாட் மார்கன் வரைந்தது. தலைப்பு ‘எ பிரௌன் ஸ்டடி’. ஆழ்ந்த யோசனைக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு தொடர் உண்டு. ஆளின் பெயரும் அதுவே. நல்ல சிலேடைதான்.

ஆனால் கோபம் உண்மையில் யார்மேல்? 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் கறுப்புடை உடுத்தி ஒதுங்கிய ராணி, பொது நிகழ்ச்சிகளுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. காலியாகக் கிடந்தது அவருடைய நாற்காலி. 1865இல் ‘பஞ்ச்’ இதழில் ஓவியர் டெனியல் இதையே வரைந்தார். அதில் ராணி, ஷேக்ஸ்பியர் நாடகத்துச் சிலை. கல்லாக நின்றது போதும், இறங்கி வா என்று பிரிட்டானியா, அதாவது பெண்ணுருவில் பிரிட்டன், அழைக்கிறாள். எவ்வளவு பதவிசு பார்! ராணிக்கு நாடக வேடம், வேலைக்காரனுக்குப் புகைக்குழாய். அடுத்த ஆண்டு அதே ‘பஞ்ச்’, அரண்மனை அறிக்கையின் நடையிலேயே, திரு. பிரௌன் மலைச்சரிவில் உலாவினார், ஹாகிஸ் என்ற ஸ்காட்லாந்து இறைச்சிப் பண்டம் உண்டார், பேக்பைப் வாத்தியம் கேட்டு மகிழ்ந்தார், சீக்கிரம் உறங்கச் சென்றார் என்று எழுதியது. இதற்கு மட்டும் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிரௌன் சாது என்று சொல்ல வரவில்லை. விஸ்கிப் பிரியர். இளவரசர்களையே எடுத்தெறிந்து பேசுவாராம். ஆனால் 1872இல் ஒருவன் துப்பாக்கியோடு ராணியின் வண்டியை நெருங்கியபோது பாய்ந்து பிடித்தவரும் அவர்தான்.

31 வருடம் கலெக்டர் அறை வாசலில் நின்றவன் நான். “யாரையும் உள்ளே விடாதே” என்று உள்ளிருந்து உத்தரவு வரும். அது வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காது; கதவை மறிக்கும் என் கைதான் தெரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று என் காதுபடவே சொல்வார்கள். அப்போதுதான் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று என்னைப் படம் போட்டது. தலைப்பாகை கூரையை இடிக்கிறது, மார்பில் குறுக்குப் பட்டை, மீசை இரண்டு முழம். கலெக்டர் என் முழங்கால் உயரம். மீசையே வைக்காதவனுக்கு மீசை! மறுநாள் கலெக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

அன்று வீட்டில் அந்தப் பத்திரிகையைத் தேடினேன், காணவில்லை. ஒரு வாரம் கழித்து உன் பூகோளப் புத்தகத்துக்குள் அந்தப் பக்கம் மட்டும் மடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அது இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பிவை. பிரௌனுக்குச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்றும் இருந்தால் ஒரே அளவில் செய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார்.

அன்புடன்,
அப்பா